புல் மண்டிய ஏரியில் விரால்: நான்கு தூண்டில் இரைகளில் எதை எடுப்பது?

என் அக்கா மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் லீவு. போன மாதம் சம்பளம் வந்த கையோடு போன் செய்தான்.

"மாமா, கையில மூவாயிரம் இருக்குது. நம்ம ஏரியில விரால் புடிக்கணும். ரப்பர் தவளை வாங்கட்டுமா, ஸ்பின்னர் வாங்கட்டுமா? வீடியோவுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"ஏரியில இப்ப என்ன புல்லு நிக்குது மாப்ள?"

"புல்லுல என்ன மாமா இருக்குது? எல்லாம் புல்லுதான்."

போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கம் தூண்டில் போடும் இளைஞர்கள் பலர் இந்த இடத்தில்தான் பணத்தை விடுகிறார்கள். எந்த இரை நல்லது என்று கேட்கிறார்கள். அந்த இரை எந்தப் புல்லுக்காகச் செய்யப்பட்டது என்று கேட்பதில்லை. கடையில் தொங்கும் எல்லா இரையும் விராலைப் பிடிக்கும். ஆனால் கோரைக்குள் ஜோராகப் போய்வரும் இரை, நூல்பாசியில் இரண்டாவது வீச்சிலேயே பச்சை உருண்டையாகத் திரும்பி வரும். இரையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் புல்லைப் பற்றிப் பேசிவிடலாம்.

## வெளிநாட்டு பாஸ் மீன் வீடியோ நமக்கு எவ்வளவு உதவும்?

இன்று நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் நவீன இரைகளில் பல அமெரிக்காவின் பெரிய வாய் பாஸ் மீனை மனதில் வைத்து உருவானவை. அந்த மீனும் புல் மண்டிய பெரிய ஏரிகளை விரும்பும். பதுங்கியிருந்து பாயும். தவளை, சின்ன மீன், பூச்சி எதையும் விடாது. அதனால்தான் அதற்குச் செய்த இரை விராலுக்கும் வேலை செய்கிறது.

ஆனால் மூன்று விஷயத்தில் இரண்டு மீனும் வேறு வேறு. அந்த வித்தியாசம் புரியாமல் வீடியோவை அப்படியே பின்பற்றினால் ஏமாற்றம்தான்.

முதலாவது மூச்சு. பாஸ் செவுளால் மட்டும் சுவாசிக்கிறது. அடர்ந்த புல்லுக்கு அடியில் விடியற்காலை ஆக்சிஜன் குறைந்தால் அது புல்லின் ஓரத்துக்கு வந்துவிடும். "புல் ஓரத்தில் வீசு" என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். விரால் அப்படி இல்லை. அது தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். மேலே வர வழியில்லாமல் வலையில் மாட்டிக்கொண்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதனால் வேறு மீன் தங்க முடியாத சேற்றிலும், அழுகிய தழைக்கு அடியிலும் விரால் சுகமாகப் படுத்திருக்கும். நாம் ஓரத்தை விட்டு, நடுப்புல்லில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகளைத் தேட வேண்டும். மூச்சு வாங்க அது அங்கேதான் வரும்.

இரண்டாவது வாய். பாஸ் இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கும். விராலும் வாயை அகலத் திறக்கும், ஆனால் அதற்குக் கூர்மையான பல் உண்டு, தாடை எலும்பும் கெட்டி. மெல்லிய ரப்பர் வாலைக் கடித்துத் துண்டாக்கிவிடும். முனை மழுங்கிய முள் அந்தத் தாடையில் இறங்காது.

மூன்றாவது குஞ்சு காப்பது. பாஸிலும் ஆண் மீன் கூட்டைக் காக்கும். ஆனால் விரால், செம்பழுப்புக் குஞ்சுக் கூட்டத்தை மேல்மட்டத்தில் வெகுநாள் கூட்டிக்கொண்டு திரியும், அது நம் கண்ணுக்கே தெரியும். அதை வைத்து மீன் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

முதலில் புல்லின் வகை, அதாவது இரை சிக்காமல் போய்வருமா என்பது. அடுத்து தண்ணீரின் நிறமும் மட்டமும். மூன்றாவது, பத்து அடி விழுந்தால், அதாவது மீன் பத்து முறை இரையைப் பாய்ந்து கடித்தால், எத்தனை மீன் கரைக்கு வரும் என்பது. நான்காவது செலவு. இரையின் விலையைச் சொல்லவில்லை. அந்த இரையைப் பயன்படுத்த வாங்க வேண்டிய கம்பு, ரீல், நரம்பு எல்லாம் சேர்ந்த செலவு. ஐந்தாவது, சின்ன மீனோ சினை மீனோ வந்தால் காயமில்லாமல் திருப்பி விட முடியுமா என்பது.

இந்த ஐந்தாவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. எனக்கு அது முதலாவதுக்குச் சமம்.

## நம் ஏரிகளில் புல் எப்படி மாறுகிறது?

தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரைச் சுற்றிக்கொண்டு, கெலவரப்பள்ளி அணை வழியாக கிருஷ்ணகிரி அணைக்கு வருகிறது. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து பிரியும் தண்ணீர் பாரூர் பெரிய ஏரிக்குப் போகிறது. வரும் வழியில் நகரக் கழிவும் சேர்ந்தே வருகிறது. கெலவரப்பள்ளியில் மதகு திறக்கும்போது நுரை பொங்குவதைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தக் கழிவின் சத்துதான் ஆகாயத்தாமரைக்கு உரம். ஏரி ஏன் பச்சைப் போர்வை போர்த்திக்கொள்கிறது என்பதற்குப் பெரும்பகுதி காரணம் இது. நுரை வரும் தண்ணீரில் பிடித்த மீனை நான் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவேன்.

புல்லை நான் நான்காகப் பிரித்துக்கொள்வேன்.

மிதக்கும் மூட்டம். ஆகாயத்தாமரை வகை. காற்றடித்த பக்கம் ஒதுங்கும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசுவதால் அந்த மாதத்தில் கிழக்குக் கரை மூடிவிடும், மேற்குக் கரை திறந்து கிடக்கும். போன வாரம் மீன் பிடித்த இடம் இந்த வாரம் காணாமல் போயிருக்கும். இடத்தை மனப்பாடம் செய்வதில் பயனில்லை, காற்றைப் பார்க்க வேண்டும்.

நின்ற புல். கோரையும் சம்பும். நேராக நிற்பதால் இடையில் சந்து இருக்கும். மழை வந்து மட்டம் ஏறினால் கரையோரத்து அருகும் மேய்ச்சல் புல்லும் முழுகி இதோடு சேர்ந்துகொள்ளும். புதுத்தண்ணீர் ஏறிய முதல் வாரத்தில் விரால் முழங்கால் ஆழத்துக்கே வந்துவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். அந்த வெள்ளம் பல குடும்பங்களுக்குப் பெரிய துயரம். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், அதுவரை மாடு மேய்ந்த இடமெல்லாம் ஏரியாகி, ஏரிப் புல் இருந்த இடம் ஆழத்துக்குப் போயிருந்தது.

இலை மூடியது. அல்லியும் தாமரையும். மேலே தட்டுத் தட்டாக இலை, கீழே தண்டுகள். நிழல் நிறைய.

முழுகிய பாசி. தண்ணீருக்குள் கொடி கொடியாக வளரும் ஹைட்ரில்லா ஒன்று, கையில் எடுத்தால் நூல்நூலாக ஒட்டும் பச்சைப் பாசி இன்னொன்று. கோடையில் மட்டம் இறங்கும்போது இரண்டும் மேலே வந்துவிடும். நான்கிலும் மோசமானது இந்த நூல்பாசிதான். எந்த இரையையும் விடாது.

அணையின் பின்நீரில் இந்த நான்கும் ஒரே வருடத்தில் வந்து போகும். கிருஷ்ணகிரி அணை 52 அடி கொள்ளளவு மட்டம் கொண்டது. 2017 நவம்பரில் முதல் ஷட்டர் உடைந்து தண்ணீர் வெளியேறியபோது, அதற்குப் பிறகு சில காலம் முழு அளவுக்குத் தேக்காமல் வைத்திருந்தபோது, பின்நீர் ஓரத்தில் வருடக்கணக்கில் நின்ற புல் காய்ந்து, வெறும் சேற்றுத் திட்டில் புதுப்புல் முளைத்தது. இடம் ஒன்றுதான், தேவைப்பட்ட இரை வேறு.

## 1. உயிர் இரை: மூங்கில் கம்பும் தவளையும்

எங்கள் அப்பா காலத்து முறை. பன்னிரண்டு, பதினைந்தடி மூங்கில், தங்கூஸ் நரம்பு, ஒற்றை முள், தவளை அல்லது கெண்டைக் குஞ்சு. புல்லில் இருக்கும் ஓட்டைக்கு நேர் மேலே கம்பை நீட்டி, தவளையைத் தண்ணீரில் "தொட்டுத் தொட்டு" எடுப்பது. வீசவும் வேண்டாம், இழுத்துச் சுருட்டவும் வேண்டாம். புல் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் மேலிருந்து இறங்குவதால் சிக்காது.

தண்ணீர் கலங்கி, செம்மண் நிறத்தில் இருக்கும் நாளில் இதை அடிக்க வேறு இரை இல்லை. விரால் பார்க்காவிட்டாலும் துடிப்பை உணரும். குளிர்ந்த மார்கழிக் காலையில் மந்தமாகக் கிடக்கும் மீனும் உயிர் இரையை மறுக்காது. கைக்காசு என்று பார்த்தால் நூறு, நூற்றைம்பது ரூபாயில் முடிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு வேறு. இரை பிடிக்கவே அரை நாள் போகும். இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் தவளை தேடுவது கண்ணாடி விரியன் நடமாடும் ஊரில் சின்ன விஷயமில்லை. கம்பு எட்டும் தூரம்தான் ஏரி, அதற்கு அப்பால் இருக்கும் மீன் உங்களுக்கு இல்லை.

எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது இது: விரால் உயிர் இரையை ஆழமாக விழுங்கிவிடும். முள் தொண்டைக்குக் கீழே, குடலில் போய் மாட்டும். அரைக் கிலோ கூட இல்லாத குட்டி வந்தால் திருப்பி விட்டாலும் பிழைப்பது அரிது. தவளையும் வெறும் இரை இல்லை. வயலில் பூச்சியைத் தின்று விவசாயியைக் காப்பது அது. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987-ல் தடை செய்ததற்குப் பின்னால் இருந்த கவலைகளில் ஒன்று இதுதான். நெல் நட்ட வயலில் இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம் எங்கள் பக்கம் இப்போது பாதிகூட இல்லை. நான் தவளையை இரையாகப் போடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. உயிர் இரைதான் வேண்டும் என்றால் மண்புழுவை இரண்டு மூன்றாகக் கோத்துப் போடுங்கள், நடுத்தர விராலும் குறவையும் அதற்கே வரும்.

யாருக்கு ஏற்றது: வீச்சுக் கம்பு இல்லாதவர்களுக்கு, கரையில் ஓர் இடத்தில் உட்கார்ந்து பிடிக்கும் பெரியவர்களுக்கு, தண்ணீர் கலங்கிய நாளுக்கு, அன்றைய குழம்புக்கு ஒரு மீன் போதும் என்பவர்களுக்கு.

## 2. ரப்பர் தவளை

உள்ளே காற்று நிரம்பிய மெல்லிய ரப்பர் உடம்பு. முதுகை ஒட்டி, முனை மேலே பார்த்தபடி இரட்டை முள். பின்னால் இரண்டு குஞ்சம், கால் மாதிரி. மீன் கடித்தால் உடம்பு அமுங்கும், அப்போதுதான் முள் வெளியே வரும். கடிக்காதவரை முள் ரப்பரில் ஒட்டிக் கிடப்பதால் புல்லில் மாட்டாது. மிதக்கும் மூட்டத்துக்கென்றே பிறந்த இரை. ஆகாயத்தாமரை மேல் போட்டு, ஊர்ந்து வரும் மாதிரி இழுத்து, ஓட்டை வந்ததும் நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தத்தில்தான் அடி விழும்.

ஒரு நாள் காலை ஆறரை மணி. பனி இன்னும் விலகவில்லை. இருபது அடி தூரத்தில் தவளை இலை மேல் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், இலைகளுக்கு அடியில், ஒரு மேடு எழும்பியது. தவளை நகர்ந்தால் மேடும் நகர்ந்தது. நிறுத்தினேன், மேடும் நின்றது. தட்டு அளவு ஓட்டை ஒன்று முன்னால் இருந்தது. தவளையை அதற்குள் விழ வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "டொப்" என்று ஒரு சத்தம், ஓட்டையில் குமிழ் மட்டும் இருந்தது. தவளை இல்லை.

அந்த நொடியில் கை தானாகச் சுண்டப் பார்க்கும். சுண்டினால் மீன் போயிற்று. ஒன்று, இரண்டு என்று எண்ணி, நரம்பில் கனம் தெரிந்த பிறகுதான் முழுப் பலத்தோடு இழுக்க வேண்டும். உடம்பு அமுங்கி முள் வெளிவர மீனுக்கு அவகாசம் தேவை. இதைப் பழகுவதற்குள் பத்து மீன் கை நழுவும். பழகிய பிறகும் அடித்ததில் பாதி வந்தால் நல்ல நாள் என்றுதான் நான் வைத்திருக்கிறேன். ரப்பர் தவளையின் பெரிய குறை இதுவே.

வாங்கும்போது கடையிலேயே அமுக்கிப் பாருங்கள். இரண்டு விரலால் லேசாக அழுத்தினால் முள் முழுதாக வெளியே தெரிய வேண்டும். கெட்டியான ரப்பர் என்றால் வேண்டாம், விரால் கடித்துத் துப்பிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் மிதக்க விடுங்கள். மூக்கருகே, நரம்பு கட்டும் இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்கினால் அது ஏரியில் முழுகும். முள் முனையை அரத்தால் தீட்டி, கொஞ்சமாக மேலே வளைத்துவிட்டால் வரும் மீன் கூடும். குஞ்சம் நீளமாக இருந்தால் விரால் குஞ்சத்தை மட்டும் கடிக்கும். பாதியாக வெட்டிவிடுங்கள்.

இனிச் செலவு. தவளை நூறு ரூபாய்க்கும் கிடைக்கும், ஐந்நூறைத் தாண்டியும் இருக்கும். ஆனால் தவளையை மட்டும் வாங்கினால் வேலை நடக்காது. பத்துக் கிலோ புல்லோடு சேர்த்து ஒன்றரைக் கிலோ மீனை இழுக்கத் தடிமனான கம்பு வேண்டும், ஆறரை அடியிலிருந்து ஏழடி, மீடியம் ஹெவி. தங்கூஸ் ரப்பர் மாதிரி நீளும், தூரத்தில் இருக்கும் மீனின் தாடையில் முள் இறங்காது. அதனால் நீளாத, மிதக்கும், புல்லை அறுத்துக்கொண்டு வரும் பிரெய்டு நூல், அதாவது பல இழை சேர்த்துப் பின்னிய நூல் வேண்டும், 40 பவுண்டு பலமாவது. நான் ஒருமுறை விலை மலிவாக இருக்கிறது என்று ஒரு கடையில் பிரெய்டு வாங்கினேன். உறையில் போட்டிருந்த பலத்தில் பாதிகூட இல்லை. முதல் நல்ல மீனிலேயே அறுந்தது. வாயில் முள்ளோடு அந்த மீன் போனது இன்றைக்கும் மனதில் இருக்கிறது. நூலில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

மீனை விடுவதில் இந்த இரை நல்லது. முள் பெரும்பாலும் மேல்தாடையிலோ வாய் ஓரத்திலோதான் இருக்கும், குறடு வைத்து ஒரு திருப்பில் எடுத்துவிடலாம்.

யாருக்கு ஏற்றது: ஆகாயத்தாமரை, அல்லி, அடர்ந்த கோரை என்று மேல்மட்டம் மூடிய ஏரிக்கு. காலை ஒன்பது வரை, மாலை நான்குக்கு மேல். நடு வெயிலிலும் அடர்ந்த மூட்டத்தின் நிழலில் வேலை செய்யும்.

## 3. ரப்பர் மீன்

வாலை ஆட்டிக்கொண்டு நீந்தும் மென்மையான ரப்பர். வளைந்த ஒற்றை முள்ளில் கோத்து, முனையை ரப்பருக்குள்ளேயே புதைத்துவிடுவது. புல்லில் மாட்டாது, முனை மறைவாக இருக்கும். தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நீந்துவதுதான் இதன் பலம். ரப்பர் தவளையை அடித்துத் தவறவிட்ட விரால் இரண்டாம் முறை மேலே வர யோசிக்கும். அதே ஓட்டையில் ஒரு நிமிடம் கழித்து ரப்பர் மீனை மெல்ல இறக்கினால் பல நேரம் எடுத்துக்கொள்ளும். இரண்டு கம்பு வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல ஜோடி.

அல்லித் தண்டுகளுக்கு இடையே, கோரைச் சந்தில், ஹைட்ரில்லா மேல்மட்டத்துக்கு ஒரு அடி கீழே நிற்கும்போது அருமை. ஒற்றை முள் என்பதால் அடி விழுந்தால் மாட்டுவது தவளையை விட அதிகம். மேலே மூடிய புல்லில் மட்டும் பயனில்லை. இலை மேல் விழுந்து அங்கேயே கிடக்கும்.

பாக்கெட் விலை குறைவாகத் தெரியும். ஆனால் விராலின் பல் பற்றி மேலே சொன்னேன். ஒரு மீனுக்கு ஒரு வால் போகும். ஜிலேபி மீன் மொய்க்கும் ஏரி என்றால் அவையும் கொத்திக் கொத்தி வாலைக் குறைக்கும். ஒரு காலைப் பொழுதுக்கு நான்கைந்து போய்விடும். வருடக் கணக்கில் பார்த்தால் தவளையை விடச் செலவு கூடுதல். கிழிந்த ரப்பரைத் தண்ணீரில் எறியாதீர்கள். அது மக்காது, மீன் விழுங்கும். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

## 4. சுழல் தகடு: ஸ்பின்னர், ஜம்ப் ஃபிராக்

சின்னத் தகடு சுழன்று மினுங்கிச் சத்தம் போடும் வகை. தகடு பின்னால் வைத்த கெட்டித் தவளையைத்தான் ஜம்ப் ஃபிராக் என்கிறார்கள். எங்கள் பக்கத்து இளைஞர்கள் கையில் இப்போது அதிகம் இருப்பது இதுதான். நீண்ட தூரம் போகும், வேகமாகச் சுருட்டலாம், ஒரு மணி நேரத்தில் ஏரியின் ஒரு கரையை முழுக்கத் தேடிவிடலாம். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தாலும் தகட்டின் அதிர்வு மீனைக் கூப்பிடும். புது ஏரிக்குப் போய் மீன் எங்கே என்றே தெரியாத நாளில் முதல் ஒரு மணி நேரம் நான் இதைத்தான் போடுவேன்.

இது கேட்பது திறந்த தண்ணீரை. புல்லின் ஓரம், வாய்க்கால் வந்து சேரும் இடம், புல் திட்டுகளுக்கு நடுவில் பாய் அகலத்துக்குக் கிடக்கும் வெளி. மூட்டத்துக்குள் எறிந்தால் தகடு நின்றுவிடும். நூல்பாசி இருந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் இரண்டு நிமிடம் பாசி உரிக்கத்தான் சரியாக இருக்கும்.

மூன்று முனை முள் வைத்த வகைகள் மீனின் கண்ணிலும் செவுளிலும் குத்தும். உங்கள் விரலிலும் குத்தும். விரால் கரையில் துள்ளும் துள்ளலுக்கு இது நிஜமான ஆபத்து. வாங்கிய அன்றே மூன்று முனையைக் கழற்றி ஒற்றை முள்ளோ, மேல்நோக்கிய இரட்டை முள்ளோ மாட்டுங்கள். முனைக்குக் கீழே எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் அமுக்கிவிடுங்கள். அதனால் தவறும் மீன் மிகக் கொஞ்சம்.

இதற்கு நடுத்தரக் கம்பும் 20, 30 பவுண்டு நூலும் போதும் என்பதால் மொத்தச் செலவு தவளைச் செட்டை விடக் கொஞ்சம் குறையும்.

## ஒரே பார்வையில்

| நிலைமை | உயிர் இரை | ரப்பர் தவளை | ரப்பர் மீன் | சுழல் தகடு |
|---|---|---|---|---|
| மூடிய ஆகாயத்தாமரை | ஓட்டையில் மட்டும் | மிக நன்று | வேண்டாம் | வேண்டாம் |
| கோரை, சம்பு | நன்று | நன்று | நன்று | வெளி ஓரம் மட்டும் |
| அல்லி, தாமரை | பரவாயில்லை | நன்று | மிக நன்று | வேண்டாம் |
| முழுகிய ஹைட்ரில்லா | பரவாயில்லை | பரவாயில்லை | மிக நன்று | மேலோட்டமாக |
| நூல்பாசி | ஓட்டையில் | மெதுவாக, மேலே | வேண்டாம் | வேண்டாம் |
| கலங்கிய தண்ணீர் | மிக நன்று | சுமார் | சுமார் | நன்று |
| அடிக்கு மாட்டும் அளவு | அதிகம் | பாதி | பாதிக்கு மேல் | பாதிக்கு மேல் |
| திருப்பி விட | கடினம் | எளிது | எளிது | முள் மாற்றினால் எளிது |

## எந்த இரையும் போடக் கூடாத நேரம்

தண்ணீர் மேல் ஒரு இடம் மட்டும் மழைத்துளி விழுவது போலப் பொடிப்பொடியாகக் கொதிக்கும். அருகில் போனால் செம்பழுப்புக் குஞ்சுகள் உருண்டையாகத் திரண்டு, மூச்சுக்கு மேலே வந்து வந்து போகும். அதற்கு அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். அந்த உருண்டைக்கு நடுவில் எதைப் போட்டாலும் அடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காப்பாற்ற. மீன் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. அதைப் பிடித்தால் குஞ்சுகளைச் சில மணி நேரத்திலேயே ஜிலேபியும் கெளுத்தியும் முடித்துவிடும். நூற்றுக்கணக்கான விரால் போய் கையில் ஒன்று மிஞ்சும்.

தெலுங்கு பேசும் நம் ஊர்க்காரர்கள் விராலைக் கொர்ரமீனு என்பார்கள். தெலங்கானா அதைத் தன் மாநில மீனாகவே வைத்திருக்கிறது. நம் சந்தையிலும் கட்லா, ரோகுவை விட விலை கூடுதல். அந்த விலையால்தான் குஞ்சோடு இருக்கும் தாயையும் விடாமல் பிடிக்கிறார்கள். குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்தால் ஐம்பதடி தள்ளிப் போய் வீசுங்கள். தயவு செய்து இதை மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று. ஏரிகளில் மீன் பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்குப் போயிருக்கும். அணைகளில் மீன்வளத் துறையின் அனுமதியோடு பிடிப்பவர்கள் இருப்பார்கள். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். "அண்ணா, ஒத்தத் தூண்டில்தான், ரெண்டு மணி நேரம்" என்று முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தென்பெண்ணையில் தண்ணீர் திறப்பு அறிவிப்பு வந்திருந்தால் ஆற்றோரத்துக்கே போக வேண்டாம்.

## மூவாயிரம் ரூபாயை எப்படிப் பிரிப்பது?

அக்கா மகனுக்கு நான் சொன்னது இது. கம்புக்கும் ரீலுக்கும் சேர்த்து ஈராயிரம். இந்த விலையில் பெரிய பெயர் எதிர்பார்க்க முடியாது, ஆனால் மீடியம் ஹெவியாக இருக்க வேண்டும். பிரெய்டு நூலுக்கு ஐந்நூறு. மீதி ஐந்நூறில் ரப்பர் தவளை இரண்டு, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை அல்லது மஞ்சள். நிறத்தில் இதற்கு மேல் கவலைப்பட வேண்டாம். கீழேயிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் பின்னணியில் நிழல்தான் முதலில் தெரியும். மந்தமான வெளிச்சத்தில் கறுப்பு, வெயிலில் வெள்ளை என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு குறடும் வாங்கிவிட வேண்டும்.

ஸ்பின்னரை ஏன் சொல்லவில்லை என்றால் எங்கள் ஏரி இப்போது முக்கால்வாசி மூடிக் கிடக்கிறது. இதே கேள்வியைப் பங்குனியில், தண்ணீர் இறங்கி நடு ஏரி திறந்திருக்கும்போது கேட்டிருந்தால் ஜம்ப் ஃபிராக்கைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். கலங்கல் வடியாத ஐப்பசியில் கேட்டிருந்தால், "காசைச் செலவழிக்காதே, பெரியப்பாவோட மூங்கிலை எடுத்துக்கோ, மண்புழு தோண்டு, ரெண்டு வாரம் பொறு" என்றிருப்பேன். கையில் ஐயாயிரம் இருந்தால் தவளையோடு ஒரு பாக்கெட் ரப்பர் மீனும் அதற்கான முள்ளும் சேர்த்திருப்பேன்.

போன ஞாயிறு காலை போச்சம்பள்ளிச் சந்தைக்கு ஆடு ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் ஏரிக்கரையில் இருந்தோம். முதல் மூன்று அடியையும் அவசரமாகச் சுண்டித் தவறவிட்டான். நான்காவதுக்கு வாய்விட்டே "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினான். முக்கால் கிலோ இருக்கும். வயிறு உப்பியிருந்தது.

"மாமா, சினை மாதிரி தெரியுதே?"

"ஆமா மாப்ள."

குறடை வாங்கி முள்ளைக் கழற்றினான். மேல்தாடையில்தான் இருந்தது, ரத்தம்கூட வரவில்லை. இரண்டு கையிலும் ஏந்தி முழங்கால் தண்ணீரில் இறங்கி, கோரை ஓரத்தில் விட்டான். ஒரு நொடி அசையாமல் நின்றது. பிறகு சேறு கிளம்ப உள்ளே போனது.